கவிழ்த்துப் பிடித்த ஆட்சி எப்போது சட்டப்படியான ஆட்சி ஆகிறது?

கேள்வி இது: "ஒரு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அரசியலமைப்பையும் ரத்து செய்துவிட்டது. அந்த அரசு சட்டப்படி செல்லுமா? கோர்ட் செல்லாது என்று சொன்னால் துப்பாக்கி வைத்திருப்பவன் கேட்பானா? மற்ற நாடுகள் அங்கீகரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?"

ஊரில் நிலத் தகராறு வந்தால் நாம் இரண்டு விஷயங்களை விசாரிப்போம். பத்திரம் யார் பேரில் இருக்கிறது? அனுபோகம் யார் கையில் இருக்கிறது? அரசாங்கங்களின் கதையும் இதேதான். உள்நாட்டு அரசியலமைப்புச் சட்டம் பத்திரத்தைக் கேட்கும். சர்வதேசச் சட்டம் பெரும்பாலும் அனுபோகத்தைப் பார்க்கும். இரண்டுக்கும் பதில் வேறு வேறாக வரலாம், வருகிறது. நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

சர்வதேசச் சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே விதி எளிது, ஜீரணிப்பதுதான் கஷ்டம்.

1917இல் கோஸ்டா ரிக்காவில் ஃபெடெரிக்கோ டினோகோ என்ற போர் அமைச்சர் ஆட்சியைக் கவிழ்த்து, இரண்டரை வருடம் ஆண்டார். 1919 ஆகஸ்டில் நாட்டை விட்டே கிளம்பினார். அடுத்து வந்த அரசு அவர் காலத்து ஒப்பந்தங்களையும், அச்சடித்த நோட்டுகளையும் செல்லாது என்று சட்டம் போட்டது. அதில் ஒரு பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியும், கனடாவின் ராயல் வங்கியும் மாட்டிக்கொண்டன. பிரிட்டன் வழக்குக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், டினோகோவை பிரிட்டன் ஒரு நாளும் அங்கீகரித்ததே இல்லை. "அங்கீகரிக்காத அரசு போட்ட கையெழுத்தை வைத்து இப்போது காசு கேட்கிறாயே" என்பதுதான் கோஸ்டா ரிக்காவின் வாதம்.

நடுவராக இருந்தவர் அமெரிக்காவின் தலைமை நீதிபதி டாஃப்ட், அதற்கு முன் ஜனாதிபதியாகவும் இருந்தவர். 1923 தீர்ப்பில் அவர் சொன்னதன் சாரம்: டினோகோ நாட்டை நிஜமாகவே நிர்வகித்தார், மக்களும் அடங்கியிருந்தார்கள், எனவே அது அரசாங்கம்தான். பழைய அரசியலமைப்பை மீறி வந்தார் என்பது இங்கே ஒரு பொருட்டல்ல; பிரிட்டன் அங்கீகரித்ததா இல்லையா என்பது வெறும் சாட்சியம்தான், முடிவு அல்ல.

ஆனாலும் வங்கிக்கு அரசிடமிருந்து பணம் கிடைக்கவில்லை. டினோகோ ஓடப்போகிற நேரத்தில், "வெளிநாட்டுப் பயணத்தில் அரசுத் தலைவரின் பிரதிநிதித்துவச் செலவு" என்ற பெயரில் பெரிய தொகை அவருக்குப் போயிருந்தது. அவருடைய தம்பியை இத்தாலிக்குத் தூதராகப் போட்டு, நாலு வருடச் சம்பளம் முன்பணமாகவே எழுதப்பட்டிருந்தது. தம்பி கப்பல் ஏறவே இல்லை. அதற்குள் தெருவில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இந்தப் பணம் நாட்டுக்காக வாங்கியது அல்ல என்று வங்கிக்குத் தெரியாதா என்று டாஃப்ட் கேட்டார். அரசாங்கம் செய்தது நாட்டைக் கட்டுப்படுத்தும், அரசாங்கத்தில் இருந்தவன் தன் பைக்காகச் செய்தது கட்டுப்படுத்தாது. நூறு வருடம் கழித்தும் இந்த வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு உலகம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 1991இல் ஹைட்டியில் கவிழ்க்கப்பட்ட ஜனாதிபதி அரிஸ்டீடைத் திரும்பக் கொண்டுவர 1994இல் பாதுகாப்பு கவுன்சிலே படை அனுப்ப அனுமதித்தது. மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகும், ஐநா நாற்காலியில் பழைய அரசு நியமித்த சோ மோ துன் தொடர்ந்தார். அவருக்குப் பதில் யார் என்ற முடிவை ஐநா ஒத்திவைத்துக்கொண்டே வந்தது. லண்டனில் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் பெட்டகத்தில் வெனிசுவேலாவின் தங்கம் கிடந்தது. அதற்குக் கையெழுத்துப் போடும் உரிமை ஆட்சியில் இருந்த மதுரோவுக்கா, பிரிட்டன் ஜனாதிபதியாக அங்கீகரித்திருந்த எதிர்க்கட்சித் தலைவர் குவைடோவுக்கா என்று வழக்கு வந்தபோது, 2021இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் "எங்கள் அரசு யாரை ஜனாதிபதி என்று சொல்கிறதோ, நாங்களும் அவரையே சொல்வோம்" என்றது. வெனிசுவேலாவுக்குள் குவைடோ கையில் ஒரு போலீஸ் ஸ்டேஷன்கூடக் கிடையாது. ஆக, அனுபோகம் ஒன்றே எல்லாம் என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் இவை விதிவிலக்குகள். ஒரு வல்லரசுக்கு அக்கறை இருக்கும் இடத்தில்தான் விதிவிலக்கு கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

அப்புறம் பத்திரம். இங்கேதான் விஷயம் சுவாரசியம்.

கவிழ்ப்பு நடந்த நாட்டின் நீதிபதியை நினைத்துப் பாருங்கள். அவர் பதவிப் பிரமாணம் எடுத்தது பழைய அரசியலமைப்பின் பேரில். அதை ஒருவர் ரத்து செய்துவிட்டார். இப்போது கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வருகிறது. பாகிஸ்தானில் 1958இல் அப்படி வந்த வழக்கு டோசோ என்ற பலூசிஸ்தான் பழங்குடிக்காரருடையது. அக்டோபர் 7ஆம் தேதி ஜனாதிபதி இஸ்கந்தர் மிர்சா அரசியலமைப்பை ரத்து செய்திருந்தார். தலைமை நீதிபதி முனீர், ஜெர்மன் மொழிச் சட்ட அறிஞர் கெல்சனின் கோட்பாட்டை எடுத்து, புரட்சி வெற்றி பெற்றுவிட்டால் அதுவே புதிய சட்டத்துக்கு மூலம் என்று தீர்ப்பெழுதினார். தீர்ப்பு வந்தது அக்டோபர் 27. அன்று இரவே மூன்று ஜெனரல்கள் மிர்சா வீட்டுக்குப் போய் ராஜினாமாவில் கையெழுத்து வாங்கினார்கள், ராணுவத் தளபதி அயூப் கான் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஜெயித்தவன் செய்தது சட்டம்" என்ற தீர்ப்பு, அதை வாங்கியவரையே ஒரு நாள் முழுதாகக் காப்பாற்றவில்லை.

1972இல் அஸ்மா ஜிலானி வழக்கில் அதே நீதிமன்றம் டோசோ தீர்ப்பைத் தவறு என்று தூக்கிப் போட்டது. அயூபுக்கு அடுத்து வந்த ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானை, ஆட்சியை அபகரித்தவர் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் யாஹ்யா பதவியிலிருந்து இறங்கி நாலு மாதம் கழித்து வந்த தீர்ப்பு. ஆள் இருக்கும்போது ஒன்று, போன பிறகு ஒன்று. அதனால் நீதிமன்றங்களை எடைபோட நான் ஒரே கேள்வி கேட்பேன்: ஆள் நாற்காலியில் இருக்கும்போது என்ன சொன்னார்கள்?

அந்தக் கேள்விக்குத் தெம்பாகப் பதில் சொன்ன நாடு பிஜி. பசிபிக்கில் ஒரு தீவுக் கூட்டம், சுமார் 9 லட்சம் பேர். 1879 முதல் 1916 வரை கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து சுமார் 60 ஆயிரம் பேரைக் கூட்டிப் போனார்கள். 1903க்குப் பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் போனது, அதனால் அங்கே தமிழ்க் குடும்பங்களும் உண்டு. நாந்தி நகரின் சிவசுப்பிரமணியர் கோயில் கோபுரத்தைப் படத்தில் பார்த்தால் நம் ஊர் என்றே நினைப்பீர்கள்.

1987இல் இந்திய வம்சாவளியினர் நிறைந்த கூட்டணி ஜெயித்ததும், சித்திவேனி ரபுக்கா என்ற லெப்டினன்ட் கர்னல் மே மாதம் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை கவிழ்ப்பு நடத்தினார். பத்து வருடத்தில் சமாதானமாகி 1997இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 1999 தேர்தலில் மகேந்திர சௌத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமர் ஆனார். சரியாக ஒரு வருடம். 2000 மே 19 அன்று ஜார்ஜ் ஸ்பைட் என்ற வியாபாரி துப்பாக்கிக்காரர்களோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, பிரதமர் உட்படப் பலரைப் பிணையாக வைத்தார். 56 நாள் அப்படியே. இடையில் மே 29 அன்று ராணுவத் தளபதி பிராங்க் பைனிமராமா ஜனாதிபதி மாராவை ஒதுங்கச் செய்துவிட்டு அதிகாரத்தைத் தான் எடுத்துக்கொண்டு, 1997 அரசியலமைப்பை ரத்து செய்தார். பிறகு லைசேனியா கராசே என்ற வங்கியாளரைப் பிரதமராக வைத்து இடைக்கால அரசு அமைந்தது. பிணைக்கைதிகள் வெளியே வந்தார்கள், ஸ்பைட் சிறைக்குப் போனார். ஆனால் சௌத்ரிக்கு நாற்காலி திரும்பவில்லை.

இந்தச் சமயத்தில் கோர்ட்டுக்குப் போனவர் சந்திரிகா பிரசாத். பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைக்க வேண்டாம், ஆண், விவசாயி. கலவரத்தில் இந்தியக் குடும்பங்களின் வீடுகள் சூறையாடப்பட்டு, முவானிவேனி பகுதியே காலியாகி, ஜனங்கள் லௌட்டோகா நகரத்து கிர்மிட் சென்டரில் முகாமிட்டிருந்தார்கள். கிர்மிட் என்பது 'அக்ரிமென்ட்' என்ற சொல் தேய்ந்து வந்தது. தாத்தாக்கள் கைநாட்டு வைத்த கூலி ஒப்பந்தம். அப்படி வீடிழந்தவர்களில் ஒருவரான பிரசாத் லௌட்டோகா ஹைகோர்ட்டில் கேட்டது ஒன்றுதான்: என் உரிமைகளைச் சொல்லும் 1997 அரசியலமைப்பு உயிரோடு இருக்கிறதா இல்லையா?

2000 நவம்பர் 15 அன்று நீதிபதி ஆந்தனி கேட்ஸ் "இருக்கிறது" என்றார். பிணைக்கைதிகளை மீட்கத் தளபதி தற்காலிகமாகச் சில காரியங்கள் செய்திருக்கலாம். நெருக்கடியில் சட்டத்தை மீறிய காரியத்தையும் அந்த அவசரத்துக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளும் 'தேவைக் கோட்பாடு' அந்த அளவுக்கு இடம் கொடுக்கும். வீட்டில் தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்து உள்ளே வரலாம், தீ அணைந்த பிறகு வீட்டைத் தன் பேருக்கு எழுதிக்கொள்ள முடியாது. உதாரணம் என்னுடையது, சட்டம் அவருடையது.

இடைக்கால அரசு மேல்முறையீடு போனது. நியூசிலாந்தின் சர் மாரிஸ் கேசி தலைமையில் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து வந்த ஐந்து நீதிபதிகள். 2001 மார்ச் 1 அன்று தீர்ப்பு. முனீரின் கெல்சனை இவர்கள் அப்படியே விழுங்கவில்லை. ஆட்சி ஓடுகிறதே, அது போதாதா என்ற வாதத்துக்கு அவர்கள் போட்ட கொக்கிகள் இவை. முதலாவது, நிரூபிக்கும் பாரம் ஆட்சியைப் பிடித்தவர் தலையில். "நான் செல்லாது என்று நீ காட்டு" என்று விவசாயியிடம் சொல்ல முடியாது. மக்கள் உண்மையிலேயே ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். துப்பாக்கிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பது சம்மதம் ஆகாது. ஆட்சி எவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது, நடுவில் தேர்தல் நடந்ததா, உரிமை கோரும் வேறு அரசு இருக்கிறதா என்பதையெல்லாம் பார்ப்போம். இந்தத் தராசில் வைத்துப் பார்த்தால் இடைக்கால அரசு தேறவில்லை. 1997 அரசியலமைப்பு அமலில் இருக்கிறது, நாடாளுமன்றம் கலைக்கப்படவில்லை, மாராவின் ராஜினாமா 2000 டிசம்பர் 15இல்தான் நடைமுறைக்கு வந்தது என்று தேதி போட்டுச் சொன்னது நீதிமன்றம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அபூர்வம். அரசு கட்டுப்பட்டது. தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், சொன்னபடி கராசே ராஜினாமாவும் செய்தார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளை நீதிமன்றம் எழுந்திரு என்று சொல்லி, அவரும் எழுந்தது உலகத்தில் மிகச் சில முறைதான்.

எழுந்தார், ஆனால் எப்படி எழுந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். நியாயமாகப் பழைய நாடாளுமன்றத்தைக் கூட்டியிருக்க வேண்டும். பதிலாக, ஜனாதிபதியாக முறைப்படி அமர்த்தப்பட்ட இலோய்லோ, சௌத்ரியைப் பதவி நீக்கி, தெவிதா மொமொஎதோனு என்ற எம்பியைப் பிரதமராக்கினார். அவர் "நாடாளுமன்றத்தைக் கலையுங்கள்" என்று ஆலோசனை சொல்லிவிட்டு இரண்டே நாளில் இறங்கிவிட்டார். கலைத்தாயிற்று. கராசே மறுபடியும் இடைக்காலப் பிரதமர். மொமொஎதோனுவுக்கு இது புதிதும் அல்ல. 2000 மே 27 அன்றும் இதே மாதிரி ஒரு ஆலோசனை சொல்வதற்காகச் சில நிமிடங்கள் பிரதமராக இருந்தவர். ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் குத்திவிட்டு மறுபடி டிராயரில் போடுவது போல. இதை எதிர்த்தும் வழக்குப் போனது, தேவைக் கோட்பாட்டைச் சொல்லித் தள்ளுபடி செய்தார்கள். தேர்தலில் கராசே ஜெயித்தார்.

சிலர் இதைச் சொல்லி பிரசாத் தீர்ப்பு தோல்வி என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். குறுக்கு வழியில் போனவர்கள்கூட அரசியலமைப்பின் பிரிவுகளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. தேர்தல் வந்தது, அதுவும் 1997 அரசியலமைப்பின் கீழ் வந்தது. கட்டுப்படுவதற்கு ஒரு காரணமும் இருந்தது: கராசே தன்னைச் சட்டப்படியான பிரதமராகக் காட்டிக்கொள்ள விரும்பினார். நீதிமன்றத்திடம் போலீஸும் இல்லை, பீரங்கியும் இல்லை. எதிரில் இருப்பவருக்கு அதன் முத்திரை வேண்டும் என்பது மட்டும்தான் அதன் பலம். முத்திரை தேவையில்லை என்று நினைக்கும் ஆள் வந்தால் என்ன ஆகும்?

அதே பிஜியில் அதையும் பார்க்கலாம். 2006 டிசம்பர் 5 அன்று பைனிமராமா இந்த முறை கராசேயையே கவிழ்த்தார். 2008இல் ஹைகோர்ட் பைனிமராமாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அமர்வின் தலைவர் அதே ஆந்தனி கேட்ஸ். ஜனாதிபதிக்கு நெருக்கடி நேரத்துக்கென்று மீதமிருக்கும் அதிகாரம் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். எட்டு வருடத்தில் ஒரே நீதிபதி இரண்டு திசையிலும் எழுதிவிட்டார். நேர்மையான காரணங்கள் அவருக்கு இருந்திருக்கலாம். இரண்டு தீர்ப்பையும் அடுத்தடுத்துப் படித்தால் எனக்கு நெருடத்தான் செய்கிறது.

2009 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று ஆஸ்திரேலிய நீதிபதிகள், 2006 கவிழ்ப்பு சட்டவிரோதம் என்றார்கள். பைனிமராமாவும் வேண்டாம், கராசேயும் வேண்டாம், பொதுவான ஒருவரை வைத்துத் தேர்தல் நடத்துங்கள் என்றார்கள். மறுநாள் புனித வெள்ளி. ஜனாதிபதி இலோய்லோ வானொலியில் பேசினார்: அரசியலமைப்பை ரத்து செய்கிறேன், எல்லா நீதிபதிகளின் நியமனமும் ரத்து. சனிக்கிழமை பைனிமராமா மறுபடி பிரதமர். பத்திரிகை அலுவலகங்களில் தணிக்கைக்காரர்கள் உட்கார்ந்தார்கள். ஞாயிறு பிஜி டைம்ஸ் பக்கங்களில் வெள்ளையாக இடம் விட்டு, அரசுக் கட்டுப்பாட்டால் இந்தப் பக்கத்துச் செய்திகளை வெளியிட முடியவில்லை என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். புதிய நீதிமன்றம் அமைந்தபோது தலைமை நீதிபதியாக வந்தவர் கேட்ஸ்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கும். 2009 செப்டம்பரில் காமன்வெல்த் பிஜியை இடைநீக்கம் செய்தது. ஆனால் ஐநாவில் பிஜியின் நாற்காலி ஆடவே இல்லை. தேர்தல் நடக்காத, அரசியலமைப்பு இல்லாத அந்தக் காலத்திலேயே, 2013இல் கோலன் குன்றுகளின் அமைதிப் படைக்கு ஐநா சுமார் 500 பிஜி வீரர்களை எடுத்துக்கொண்டது. அதே வருடம் வளரும் நாடுகளின் ஜி-77 கூட்டமைப்புக்குத் தலைமையும் பிஜிதான். பத்திரம் இல்லை, அனுபோகம் இருக்கிறது. வெளியுலகத்துக்கு அது போதுமாக இருந்தது.

புதிய அரசியலமைப்பு எழுத கென்யப் பேராசிரியர் யாஷ் காய் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். வரைவு பிடிக்கவில்லை. அச்சடித்த பிரதிகளைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது, ப்ரூஃப் தாள்களை காய் கண் முன்னாலேயே எரித்தார்கள். அரசே தனக்குப் பிடித்த மாதிரி எழுதிக்கொண்டதுதான் 2013 அரசியலமைப்பு. மக்களிடம் வாக்கெடுப்பு கிடையாது. கவிழ்ப்பில் ஈடுபட்டவர்களுக்கு வழக்கு, தண்டனையிலிருந்து விலக்கு. திருத்த வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் முக்கால் பங்கு, அதோடு பதிவு செய்த வாக்காளர்களில் முக்கால் பங்கு. வாக்களித்தவர்களில் அல்ல, பதிவு செய்தவர்களில்! பூட்டிவிட்டுச் சாவியைக் கடலில் போட்ட மாதிரி.

அதன் கீழ் 2014, 2018, 2022 என்று மூன்று தேர்தல் நடந்துவிட்டது. மூன்றாவதில் பைனிமராமா ஆட்சியை இழந்தார்; பிரதமரானவர் 1987இல் இரண்டு முறை கவிழ்ப்பு நடத்திய அதே ரபுக்கா. 2025இல் அவர் கொண்டுவந்த திருத்த மசோதாவுக்கு முக்கால் பங்கு கிடைக்கவில்லை. அமைச்சரவை உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டது. பிரசாத் தராசில் வைத்தால் இந்த அரசியலமைப்பு எங்கே நிற்கும்? பிறப்பில் வில்லங்கம். ஆனால் பன்னிரண்டு வருடம், மூன்று தேர்தல், ஒரு ஆட்சி மாற்றம், உரிமை கோர வேறு அரசு யாரும் இல்லை. 2001இல் இடைக்கால அரசிடம் எதெல்லாம் இல்லை என்று சொன்னார்களோ, அதெல்லாம் இப்போது வந்துவிட்டது.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 2013 அரசியலமைப்பு சட்டப்படி நடைமுறையில் உள்ளதுதான் என்றது. ஆனால் பூட்டைத் தளர்த்தியது: நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கும், வாக்கெடுப்பில் சாதாரணப் பெரும்பான்மையும் போதும். அந்த நீதிபதிகள் வேறு மாதிரி சொல்லியிருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். அவர்களுடைய நியமன உத்தரவும் அதே 2013 அரசியலமைப்பின் கீழ் வந்தது.